உள்ளே போன பசை

ஊரில் ஆயிரம் மெக்கானிக் இருக்கட்டும், மனைவியின் வேன் எஞ்சினை இனித் தான் மட்டுமே தொடுவது என்று பசைக்காரர் தீர்மானம் எடுத்தார். பசைக்காரர் என்பது பட்டப்பெயர். ஹார்டுவேர் கடையில் பசை விற்பது வேலை, வீட்டில் உடைந்ததையெல்லாம் ஒட்டுவது வியாதி. வாளிக் காது, செருப்பு வார், மூக்குக்கண்ணாடி என்று ஒட்டிக்கொண்டே வந்தவர், ஒருமுறை தன் விரல்கள் இரண்டையே சேர்த்து ஒட்டிக்கொண்டார்.

மனைவி ஓட்டுவது பள்ளிக்கூட வேன். அது சூடேறி நின்றுவிட்டது. எஞ்சினின் மண்டைக்கும் உடம்புக்கும் நடுவே கிடக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போய்விட்டிருந்தது. பள்ளி திறப்பதற்குள் வண்டி ஓடாவிட்டால் பிள்ளைகளை வேறொரு வேன்காரன் தட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பசை மட்டும் வேண்டாம். நல்லாத் துடைச்சுட்டு, வெறும் கேஸ்கட்டை வைங்க. என் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்."

"ஒரு கோடு போட்டா கசியாதுல்ல?"

"போட்டா பிதுங்கும். தண்ணி போற ஓட்டையும் எண்ணெய் போற ஓட்டையும் அங்கதான் இருக்கு. உள்ள போய் அடைச்சுதுன்னா எஞ்சின் அம்பேல்."

பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். அவள் உள்ளே போனாளோ இல்லையோ, கை அரித்தது. பசை இல்லாமல் ஒன்றை மூடுவதா? கேஸ்கட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, காவலுக்கு இன்னொரு சுற்று என்று இழுத்து, ஹெட்டைத் தூக்கி வைத்து மூடினார்.

போல்ட்டை அளவாக இறுக்கும் ரெஞ்சு மைத்துனனின் பட்டறையில் இருந்தது. வாங்கப் போனார். ஏதோ அவசர வேலை, பட்டறையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று அவரை ஸ்டூலில் உட்கார்த்திவிட்டு மைத்துனன் போனான். போனவன் வெகுநேரம் கழித்து வியர்த்து வழிந்துகொண்டு வந்து ரெஞ்சைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து போல்ட்டுகளை இறுக்கினார். ஓரமெல்லாம் பசை பிதுங்கும், அவள் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று துணியோடு காத்திருந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். துடைத்துவைத்தது போலிருந்தது. இத்தனை பசையும் வெளியே வரவில்லையென்றால் உள்ளேதானே போயிருக்க வேண்டும்?

வண்டி என்னவோ ஜம்மென்று ஓடியது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாதி வழியில், பிள்ளைகளோடு, எஞ்சின் இறுகி நின்றால்? சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். துணைக்கு வருகிறேன் என்று தினமும் வேனில் ஏறி, வெப்பமானியின் முள்ளை முறைத்துக்கொண்டே போனார். சும்மா உட்காரவா முடியும்? கதவு திறந்தார், பை வாங்கினார், செருப்பு தேடினார். கடையில் தாமதத்துக்குத் திட்டு வாங்கினார். இப்படியும் ஒரு புருஷனா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் உருகினார்கள். குற்ற உணர்ச்சியில் அவர் இன்னும் கூனிக் குறுகினார்.

ஒருநாள் நெரிசலில் வேன் ஊர்ந்தபோது முள் லேசாக மேலே ஏறியது. அவர் உடைந்துவிட்டார்.

"நிறுத்து. நான் பசை போட்டேன். மூணு சுற்று."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி சொன்னாள். "தெரியும். காலி பசை டியூப்பைப் பார்த்ததுமே தம்பிக்குப் போன் போட்டுட்டேன். நீங்க பட்டறைக்குக் காவல் இருந்தீங்களே, அப்ப அவன் நம்ம வீட்டுக்குத்தான் வந்தான். ரெண்டு பேருமா ஹெட்டைத் தூக்கி, பசையைச் சுரண்டிட்டு, வேற கேஸ்கட் வெச்சோம். நெரிசல்ல முள் அவ்வளவு ஏறத்தான் செய்யும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இப்படிச் செத்துச் செத்துப் பிழைச்சிருக்க மாட்டேனே?"

"சொல்லியிருந்தா வேன்ல ஏறியிருப்பீங்களா? பிள்ளைங்களை ஏத்தி இறக்கிப் பார்த்துக்க ஒரு ஆள் தேடி நான் எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா?"

பின்சீட்டிலிருந்து ஒரு வாண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"ஆயா மாமா, எனக்கு மூக்கு ஒழுகுது."