எதுவரைக்கும் எல்லை?

பழைய படத்தில் பச்சையாக இருந்த மலைச்சரிவு, நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த செயற்கைக்கோள் படத்தில் பழுப்பாகத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே அவளுடைய மாமனாரின் ஊர். படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. சிவப்பு வட்டம் போட்டு, 'நிலச்சரிவு' என்று மீட்பு அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் மாமனாரே கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடத்துல கொண்டுவந்து அடைச்சிருக்காங்கம்மா. எங்க மலை சரிஞ்சிருச்சாமே?"

"ஆமா மாமா. நம்ம வீட்டுக்கு மேல, பெரிய பாறை பக்கத்துல."

"அது தோட்டம் போட நான் மரத்த வெட்டிவிட்ட இடம்மா. போன மாசம்."

பழைய படத்தின் தேதியைப் பார்த்தாள். போன வருடத்தது. அறையின் அந்தப் பக்கம் அவளுடைய மேலாளர், "எங்க பொண்ணு கண்டுபிடிச்ச சரிவு" என்று தலைமை அலுவலகத்திடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மீட்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரே இரைச்சல்.

"சார், அந்த ஊர்ல நிலச்சரிவு இல்ல."

"எல்லையா? எதுவரைக்கும் எல்லை?"

"இல்ல சார், இல்ல. பக்கத்து ஊர் வரைக்கும் பாத்துட்டேன்."

"பக்கத்து ஊர் வரைக்குமா? சரி, அவங்களையும் கிளப்பிடுறோம்."

இணைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் மேலாளர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"இன்னொரு ஊரையும் காப்பாத்திட்டியாமே?"

அவள் உண்மையைச் சொன்னாள். அவர் முகம் செத்துவிட்டது.

"எழுத்துல அனுப்பு. இப்பவே."

அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'ரத்து செய்யப்பட்டது. இரண்டு ஊர் மக்களையும் லாரியில் வீட்டுக்கு அனுப்புகிறோம்.'

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். நாற்காலி ஆடியது. மேசை ஆடியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. மறுபடியும் பூமி குலுங்கியது.

ஆட்டம் அடங்கியதும் மாமனாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லாரி இந்நேரம் ஊருக்குக் கிளம்பியிருக்கும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அனுப்பிய விரலையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஒருவழியாக மாமனார் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்து வாசல்லதான்மா. யார் முதல்ல ஏறுறதுன்னு ரெண்டு ஊரும் லாரிய மறிச்சுச் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம், அதுக்குள்ள மலை இறங்கி அந்தப் பக்கத்து ஊர மூடிடுச்சு."