கோடிட்ட இடம் வாத்தியார்

வாக்கியத்தைத் தொடங்குகிறவர்கள் உலகத்தில் ஏராளம். அதை ஒழுங்காக முடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் முடிக்கத் தெரிந்தும் முடிக்காமல், கடைசி வார்த்தைக்கு ஒரு அடி முன்னால் சட்டென்று நின்று, புருவத்தை உயர்த்தி, தலையைச் சாய்த்து, உள்ளங்கையை உங்கள் பக்கம் நீட்டி, "ம்?" என்று காத்திருக்கிற ஓர் இனம் உண்டு. அந்த இனத்தில் ஒருவரைத்தான் இன்று உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார்.

நீங்கள் பள்ளிக்கூடம் போனவரா? அப்படியானால் அவரைப் பார்த்திருப்பீர்கள். "பூமி சூரியனைச்…?" என்பார். வகுப்பு முழுவதும், "சுற்றுகிறது!" என்று கூரை அதிரக் கத்தும். "தண்ணியைக் கொதிக்க வெச்சா…?" "ஆவியாகும்!" "ஆவி குளிர்ந்தா…?" "தண்ணியாகும்!" பரீட்சைத் தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று ஒரு பகுதி வருமே, அது சட்டை போட்டுக்கொண்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, வகுப்புக்குள் நடந்து வந்தால் எப்படியிருக்கும்? அவர்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயரும் அதுவேதான். அந்தப் பெயர் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுதான் கேள்வி.

நம்முடைய கோடிட்ட இடம் அறிவியல் பாடம் எடுப்பவர். அவர் வகுப்பு நடக்கும்போது வராந்தாவில் நின்று கேட்டுப் பாருங்கள், பாட்டுக் கச்சேரி தோற்றுப்போகும். முதல் பெஞ்சுக்காரர்கள் அவர் நிறுத்துவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டு நல்ல பெயருக்குக் காத்திருப்பார்கள். நடு பெஞ்சுக்காரர்கள் முதல் பெஞ்சைக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள். கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு எந்தக் கேள்விக்கும் கடைசி ஓரிரண்டு எழுத்து மட்டும் போதும். மற்றவர்கள் "விரியும்" என்று முடிக்கும்போது அவர்கள் "…யும்!" என்று மட்டும் உரக்கச் சேர்ந்துகொள்வார்கள். வாயசைப்பில் குறை சொல்ல முடியாது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகூட "…யும்!" சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். அடுத்த அறையில் கணக்கு எடுக்கிற டீச்சர் ஒருநாள் ஆசிரியர் அறையில் அவரை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க கேக்கற கேள்விக்கெல்லாம் என் கிளாஸ் பதில் சொல்லுது."

"சரியா சொல்லுதா டீச்சர்?" என்று கேட்டார் நம்மவர், முகமெல்லாம் ஆவலாக.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு அதில் கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது நிஜமானது. சம்பளம் வந்த அன்றுகூட அந்த முகம் அப்படி மலர்வதில்லை. மாதக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பவள், திடீரென்று ஒருநாள் தனியாக, மெல்லிய குரலில் "காந்தம்" என்று சொல்லிவிட்டால் போதும். சாக்பீஸ் தூள் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லும்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்!" என்பார். அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் பாவாது. பாதி வாக்கியம் என்பது அவர் குழந்தைகளுக்கு நீட்டுகிற மிட்டாய். எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே நீட்டுகிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் அவரைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். நானும் செய்யத்தான் போகிறேன்.

ஏனென்றால் மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகின்றன. வாக்கியம் போவதில்லை, அவர் கூடவே பஸ் ஏறுகிறது.

"எனக்கு ரெண்டு…?" என்று கண்டக்டரிடம் கையை நீட்டுவார். "ரெண்டு என்ன சார், டிக்கெட்டா, வடையா? சீக்கிரம் சொல்லுங்க, கூட்டம் நிக்குது" என்பார் கண்டக்டர். மருந்துக் கடையில் நின்று, "தலைவலிக்கு நாம போடறது…?" என்பார். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்துப் பரப்பிவிட்டு, எது என்று தெரியாமல் விழிப்பார். இவரோ, கடைக்காரர் நன்றாகத்தான் படித்திருக்கிறார், கொஞ்சம் பயம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்ல, யோசிச்சு சொல்லுங்க" என்று தைரியம் சொல்வார். ஒருமுறை டாக்டரிடம் போய், "சாப்பிட்டு முடிச்சதும் நெஞ்சு அப்படியே…?" என்று நிறுத்தினார். டாக்டருக்கு வெளியே நோயாளிகள் வரிசை. "வலிக்குதா, எரியுதா, அடைக்குதா?" என்றார் அவசரமாக. நம்மவர் பூரித்துப்போனார். "ரெண்டாவது விடை சரி!"

வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகத்தான் நிரப்பினார். "இன்னைக்கு வானத்துல என்ன…?" "நிலா!" அப்போது அது காதல் மாதிரி இருந்தது. குழந்தை பிறந்து, வேலை கூடி, முட்டி வலியும் வந்து சேர்ந்த பிறகு, அந்த அம்மாள் நிரப்புகிற முறையை மாற்றிக்கொண்டார்.

"சாப்பாட்டுல இன்னைக்கு ஏதோ ஒண்ணு குறையுது, அது என்ன…?"

"பொறுமை."

"இந்த வீட்ல எதை எங்க வெச்சாலும் அது…?"

"நீங்கதான் வெச்சிருப்பீங்க."

மகள் இன்னும் கறார். பள்ளியில் படிக்கும்போதே ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "அப்பா, வீட்டுல எனக்கு லீவு" என்று அறிவித்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா எத்தனை பாதி வாக்கியத்தை நீட்டினாலும் அவள் ஒன்றைக்கூட வாங்கிக்கொண்டதில்லை. இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையனுக்கும் அப்படியே. வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் ஆட்சேபணை கிடையாது. சிக்கல், பையனின் அப்பா.

அவர் மரக்கடைக்காரர். மகனுக்குத் தானே பார்த்து முடிக்க நினைத்த சம்பந்தம் வேறொன்று இருந்தது. மகனுடைய பிடிவாதத்துக்காக, "ஒரு தடவை வந்து பார்க்கறேன். சரியா வரலைன்னா அதோட விட்டுடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு புறப்பட்டவர். ஏதாவது சாக்குக் கிடைத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டத் தயாராக இருந்தவர். பையனும் பெண்ணும் இந்த ஒரு நாளுக்காக வெகுநாள் காத்திருந்தார்கள். கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை.

எனவே வீட்டில் ஒத்திகை நடந்தது.

"அப்பா, முழுசா பேசணும்" என்றாள் மகள். "எழுவாய் வந்தா பயனிலையும் வரணும். கையை நீட்டக் கூடாது. புருவம் அசையக் கூடாது."

"அதெல்லாம் எனக்கு நல்லாவே…"

"அப்பா!"

"…தெரியும்."

"எங்க, சொல்லுங்க பார்க்கலாம். உங்க முடிவு என்ன சார்?"

"இந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கு முழு சம்மதம்."

கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சம்மதம் வந்துவிட்டது. தப்பித் தவறி நின்றுவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி உடனே முடித்துவிடுவது என்று இன்னொரு ஏற்பாடும் இருந்தது.

வந்தார்கள். மரக்கடைக்காரர், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்த அவர் மனைவி, நடுவில் கசங்காத சட்டையில் கசங்கிய முகத்தோடு பையன். நம் வாத்தியாரா அது என்று நம்ப முடியவில்லை. வெயிலைப் பற்றி முழு வாக்கியம் பேசினார். வந்த வழியைப் பற்றி முழு வாக்கியம். தேக்குக்கும் மற்ற மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார், அதுவும் பதில் தெரியாமல் கேட்டார். மரக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். யார் தன்னிடம் இவ்வளவு மரியாதையாக மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்? வைரம் பாய்ந்த கட்டையைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று மேஜையையே தட்டிக் காட்டினார். சிரிப்புகூட வந்தது. மகள் கதவருகே நின்று நிம்மதியாக மூச்சு விட்டாள். மனைவிக்கும் நம்பிக்கை வந்து, டீ போட உள்ளே போனார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?

"சரி சார்," என்றார் மரக்கடைக்காரர், "சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. உங்க முடிவு என்ன?"

அறை அமைதியானது. எல்லா முகங்களும் வாத்தியார் பக்கம் திரும்பின. எல்லாக் கண்களும் அவர் வாயைப் பார்த்தன. அங்கேதான் தப்பு நடந்தது. இத்தனை முகங்கள் இத்தனை அமைதியாகத் தன்னைப் பார்ப்பதை வகுப்பைத் தவிர அவர் வேறு எங்கே கண்டிருக்கிறார்? அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு பிள்ளைங்களும் ஒருத்தரையொருத்தர் விரும்பறாங்க. நல்லா படிச்சிருக்காங்க. நல்ல வேலையில இருக்காங்க. அதனால இந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கு…?"

புருவம் ஏறியது. தலை சாய்ந்தது. உள்ளங்கை மரக்கடைக்காரரை நோக்கி நீண்டது.

கடையில் ஒருவன் விலை கேட்டுவிட்டு வார்த்தையை இழுத்தால் அவன் வாங்க வந்தவனில்லை என்பது மரக்கடைக்காரர் அனுபவத்தில் கண்டது. அவர் முகம் இறுகியது.

"என்ன சார் இழுக்கறீங்க?"

"இழுக்கல. நீங்க சொல்லுங்க. ரொம்ப சுலபம்."

"என்னத்தைச் சொல்றது? விருப்பம் இல்லைங்கறீங்களா?"

"தப்பு" என்றார் வாத்தியார் பரிவோடு. "இன்னொரு தடவை யோசிங்க."

"தப்பா? எது தப்பு? நாங்க வந்தது தப்பா?"

"பதட்டப்படாதீங்க. தெரியலைன்னா பரவாயில்ல." அவர் கைப்பைக்கார அம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

கைப்பை தோளுக்கு ஏறியது. உள்ளேயிருந்து டீத் தட்டோடு வந்த மனைவி, எந்த வாக்கியம் நின்றது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. மரக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கிளம்புடா. வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தறாங்க."

பையன் கிளம்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"சார், நான் சொல்லட்டுமா?"

"சொல்லுப்பா."

பையன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "முழு சம்மதம், சார்" என்றான்.

"வெரி குட்!" வாத்தியாரின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "சத்தமா சொல்லு, அப்பாவுக்குக் கேக்கட்டும்!"

"முழு சம்மதம்!"

மரக்கடைக்காரர் மகனைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்ல இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். "உங்க சம்மதத்தை எங்க வீட்டுப் பையன் வாயாலேயே வாங்கிட்டீங்க," என்றார். "நான் வியாபாரின்னு சொல்லிட்டுத் திரியறேன். டீயைக் குடுங்கம்மா." அதற்குப் பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கல்யாணம் முடிவாகிவிட்டது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதில்லை.

விருந்தாளிகள் போன பிறகு மகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் வாத்தியாரோடு பேசவில்லை. அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நீ போயிட்டா, இந்த வீட்ல எனக்கு…?"

புருவம் ஏறவில்லை. கையும் நீளவில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், வாக்கியம் வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. மனைவிக்கு மீதி தெரியும். மகளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதை நிறுத்திவிட்டுத் திரும்பி, "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள்.

மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! பரீட்சை அறையில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி விட்டத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மனைவி சொல்லிக் கொடுப்பாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"…கஷ்டமா இருக்கும்மா" என்றார் கடைசியில். "ரொம்ப கஷ்டமா இருக்கும்."

மகள் ஈரக் கையோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். சட்டை நனைந்தது. அம்மாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, ஒரு வாக்கியம் முடிஞ்சுது" என்றார். சொன்ன கையோடு அதே துணியால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். 'நல்லவேளை, நான் வாத்தியார் இல்லை' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். சண்டை போட்ட மறுநாள் காலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நேத்து நான் பேசினது கொஞ்சம்…" என்று சொல்லிவிட்டு, மீதியை எதிரே இருப்பவர் புரிந்துகொள்ளட்டும் என்று பக்கத்தைத் திருப்பியது யார்? "நீ மட்டும் இல்லைன்னா நான்…" என்று ஆரம்பித்து, இருமல் வந்த மாதிரி எழுந்து போனது யார்? அவராவது கையை நீட்டிக் கேட்டார், காத்துக்கொண்டு நின்றார். நீங்கள் அதுகூடச் செய்வதில்லை. போங்கள், போய் மீதியை உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் கை தூக்க மரக்கடைக்காரர் மகன் இருக்கிறானா என்ன?