சொந்த வீட்டுக்கு ஒரு குறும்பயணம்

பரீட்சைக்கு நடுவே நாலு நாள் இடைவெளி கிடைத்தால் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு, தன் கட்டிலில் தூங்கிவிட்டு வரலாம் என்று ஒரு பெண் நினைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஸ்பெயினில், கிரனாடா நகரத்தில் சட்டம் படிக்கும் அரசெலிக்கு இது நன்றாகவே தெரியும். ஆகவே எந்த முன்னேற்பாடும் செய்யாமல் பஸ் ஏறினாள். அங்கேதான் பிசகிவிட்டது. மே மாதம், வீட்டு முற்றங்களைப் பூக்களால் நிறைத்து ஊர் பார்க்கத் திறந்துவிடும் முற்றத் திருவிழா சமயத்தில், அவள் ஊரான கோர்தோபாவுக்கு வருகிறவர்கள் திட்டமிட்டு வர வேண்டும்.

அவள் வீட்டு வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையில் திரும்பி, ரொட்டிக் கடையைத் தாண்டிப் போயிருந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். விழாக் காவலர்களுக்கான எலுமிச்சை நிறச் சட்டை மாட்டிய ஒருவன் கையை நீட்டி மறித்தான். பக்கத்து வீட்டுக் காசியானோ. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் கணக்கு எழுதியே தேறியவன்.

"வரிசை அங்க இருக்கு."

"டேய், இது என் வீடு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலைல ஒரு ஜெர்மன்காரர்கூடச் சொன்னார், இந்த முற்றத்துல நின்னா சொந்த வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்காம். நேரம் முடிஞ்சதும் அவரையும் வெளிய அனுப்பிட்டேன்."

"உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே சுவர்டா!"

"அது சுவர் விவகாரம். எனக்குக் கொடுத்திருக்கிறது கதவு விவகாரம்."

அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் முழுக்க நீலத் தொட்டிகள், தொட்டி முழுக்க ஜெரேனியம். நடுவில் அவள் அம்மா ஃபுயென்சாந்தா, வாழ்நாளில் கட்டியிராத புள்ளிபோட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நுனியில் தகர டப்பா கட்டிய நீளக் கோலைத் தூக்கி மேல் வரிசைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில்.

"அம்மா!"

"வாடி என் கண்ணு! இளைச்சுப் போயிட்டியே! சாப்பிட்டியா?"

"உள்ள விடமாட்டேங்கறான்மா. நீ வெளிய வா."

"வர முடியாதுடி. நான்தான் இப்போ குடியிருப்பவர்."

இது விளக்கத்துக்குரிய விஷயம். ஆட்கள் உண்மையாகவே வாழும் முற்றங்களுக்குத்தான் இந்த ஊரில் பெருமை. ஆகவே முற்ற விழா வருகை ஒழுங்கமைப்பு அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது: ஒவ்வொரு முற்றத்திலும் ஒருவர், பார்வையாளர் கண்ணில் படும்படி, இடைவிடாமல் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு பேர் வாழ்ந்தால் பார்வையாளருக்கு இடம் குறையும். ஆகவே ஒருவர் போதும். எஞ்சிய குடும்பத்தினர் பார்வையாளர்களாகக் கருதப்படுவார்கள்.

அரசெலி அலுவலகத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். வழியெல்லாம் அரசியல் சாசனத்தில் வீடு, குடும்பம் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அங்கே இருந்த அதிகாரி தோன் எவாரிஸ்தோ கோபத்துக்குச் சற்றும் இடம் தராத மனிதர். எழுந்து நின்று கைகுலுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்கள் நகரத்துக்கு உங்களை வரவேற்கிறோம்."

"நான் இங்கயே பொறந்தவ சார்."

"அப்படிச் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். அதுதான் எங்கள் வெற்றி. உங்களுக்குப் பொருத்தமான குறும்பயணத் திட்டம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் பெரிய பள்ளிவாசல்-தேவாலயம். இரண்டாம் நாள் ரோமானியப் பாலம், மாலையில் நதிக்காற்று. மூன்றாம் நாள் அசலான ஒரு முற்றம், கால் மணி நேரம்." படத்தை அவள் பக்கம் திருப்பினார். "இதை மிகவும் சிபாரிசு செய்கிறேன்."

"இது எங்க வீடு."

"ரசனை உள்ளவர் நீங்கள்."

"எங்க அம்மா சமைச்சதைச் சாப்பிடணும் சார். அவ்வளவுதான் கேக்கறேன்."

"சமையல் அனுபவம் உண்டு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சாப்பிட முடியாது, சுகாதார விதி."

"ராத்திரி என் கட்டில்ல தூங்கணும்."

"கட்டில் நிறையவே விசாரிக்கிறார்கள். இன்னும் திறந்துவிடவில்லை."

அரசெலிக்கு வாதம் என்றால் உயிர். எதிராளி தடுமாறும் இடத்தைத் தேடினாள். "சரி, ஒண்ணு சொல்லுங்க. உச்சி வெயில்ல எந்த வீட்டுல செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க? அதுவும் நாள் முழுக்க? வேர் அழுகிடாதா? எங்க அம்மா விடியறதுக்குள்ள குழாயத் திறந்துவிட்டு ரப்பர் பைப்புல ஒரே தடவை அடிச்சு முடிச்சிடுவா."

தோன் எவாரிஸ்தோவின் முகம் வெளிறியது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரப்பர் பைப்பா? நான் இதைக் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. உங்கள் தாயாரின் நற்பெயர் கருதி."

வேறு வழியில்லாமல் ஒரு கால் மணி நேரத்துக்குப் பதிவு செய்துகொண்டு, தோழி வீட்டுச் சோபாவில் படுத்தாள் அரசெலி.

அவள் சொன்னது அப்படியே பலித்தது. மறுநாளே ஜெரேனியங்கள் தலையைத் தொங்கப்போட்டன. சல்லிவேர்கள் அழுகின, இலைகள் மஞ்சளித்தன. அலுவலகம் மின்னல் வேகத்தில் செயல்பட்டது: மதியத்துக்குள் ஒரு வண்டி நிறைய பிளாஸ்டிக் ஜெரேனியம் வந்து இறங்கியது. வாடாது, உதிராது, எல்லாத் தொட்டியிலும் ஒரே உயரம். ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது அல்லவா? ஊற்றியதெல்லாம் கீழே நின்றவர்களின் தலையில் வடிந்தது. ஆகவே சாயங்காலமே இன்னோர் ஆணை: மரபு முறைப்படி நீர் ஊற்றுதல் தொடரும், நீர் மட்டும் நிறுத்தப்படும்.

அன்றே சற்று நேரத்தில் தன் கால் மணி நேரம் வந்தபோது அரசெலி கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தது இதைத்தான். அம்மா காலி டப்பாவைக் கிணற்றில் முக்குவதுபோல் முக்கி, கோலைத் தூக்கி, பிளாஸ்டிக் பூவுக்கு ஒன்றுமில்லாததை நிதானமாக ஊற்றினாள். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. யாரோ ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது கூத்து?" என்று கிசுகிசுத்தாள் அரசெலி.

"பாரமே இல்லடி. கை வலிகூட இல்ல."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்கு? உங்க அப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்டுல நான் தொடைக்காத தரை இல்ல, ஊத்தாத தண்ணி இல்ல. ஒருநாள் கைதட்டினாரா? இப்போ காலி டப்பாவத் தூக்கினா ஊரே தட்டுது." குரலைத் தாழ்த்தினாள். "தக்காளியும் ரொட்டியும் அரைச்சு சல்மொரேஹோ செஞ்சு குளிர வெச்சிருக்கேன். முட்டையும் நறுக்கிப் போட்டாச்சு. எப்படி உனக்குக் கொடுக்கிறதுன்னுதான் தெரியல."

"நேரம் முடிஞ்சுது," என்றான் காசியானோ.

அப்போதுதான் அரசெலிக்குள் ஏதோ அறுந்தது. வாசற்படியில் ஏறி நின்றாள்.

"நான் போக மாட்டேன்! ஆள் வாழற முற்றம்னு சொல்லி வாழற ஆளையெல்லாம் வெளிய தள்ளிட்டீங்க! பூ செத்துப் போச்சு, பிளாஸ்டிக் வந்துது! தண்ணி போச்சு, டப்பா மிச்சம்! நாளைக்கு எங்க அம்மாவையும் பிளாஸ்டிக்ல செஞ்சு வெப்பீங்களா? வரிசைல நிக்கிற நீங்கள்லாம் என்ன பாக்கறீங்க? உங்க வீட்டுல அம்மா தண்ணி ஊத்தறப்ப என்னைக்காவது திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. ரொட்டிக் கடை தாண்டி, வரிசையின் வால்வரை போய்த் திரும்பி வந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தோன் எவாரிஸ்தோ வந்தார். கைது செய்யச் சொல்வார், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசெலி முகத்தை நிமிர்த்தினாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அபாரம்," என்றார். "வாசற்படிச் சண்டை! இந்த ஊர் முற்றங்களில் இத்தனை நாளாக எது குறைகிறது, எது குறைகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தோம். நாளை முதல் தினமும் ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?"

"நான் உங்களை எதிர்த்துப் பேசறேன் சார்!"

"அதைத்தான் தொடர வேண்டும் என்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். உங்களை இரண்டாம் குடியிருப்பாளராக அங்கீகரித்துவிடுகிறோம். அறை, கட்டில், சாப்பாடு எல்லாம் வீட்டிலேயே."

அரசெலி யோசித்தாள். கொள்கையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொல்லத்தான் சொல்கிறார்கள். உள்ளே இருந்து போராடுவது என்று சட்டக் கல்லூரியில் இதற்கு ஒரு மரியாதையான பெயர்கூட உண்டு. அதற்குள் அம்மா கிண்ணத்தோடு கயிற்றருகே வந்து நின்றாள்.

சல்மொரேஹோ அமிர்தமாக இருந்தது. கட்டிலும் பழைய கட்டிலேதான்.

மறுநாள் ஆறு மணிக்கு அரசெலி வாசற்படியில் ஏறி, ஒரு வார்த்தையும் மாற்றாமல் பேசினாள். அதற்கு மறுநாள் காலையில் காசியானோ கைப்பேசியை நீட்டினான். பார்வையாளர் ஒருவர் எழுதியிருந்தார்: 'தாயின் தண்ணீர் மிக இயல்பு. மகளின் கோபம் பரவாயில்லை. பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை.'

"எவன் எழுதினான் இதை?" அரசெலிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "கோபம் பரவாயில்லையா? நான் நடிக்கிறேன்னு நெனச்சானா? கூப்பிடு அந்த ஆளை! இப்பவே கேக்கறேன்!"

"ஐயையோ, இப்போ வேணாம்," என்று பதறினான் காசியானோ. "ஆறு மணி வரைக்கும் அப்படியே வெச்சிரு."

அரசெலி வாயைத் திறந்தாள். பிறகு தொண்டைக்கு இதமாக அம்மாவிடம் கொஞ்சம் வெந்நீர் கேட்டாள்.

அன்று சாயங்காலம் பின்வரிசைக்கும் கேட்டது.