ஒரு ஸ்பூன் பாலும் கவுத்துக்காட்டியும்

எமனே நேரில் வந்து கூப்பிட்டாலும், சொம்பைக் கவிழ்த்து அது காலி என்று காட்டிவிட்டுத்தான் கிளம்பியிருப்பார் எங்கள் பால்காரர். உத்திரமேரூரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் கவுத்துக்காட்டி.

அப்போதெல்லாம் பால்காரர்கள் மாட்டை வாசலுக்கே ஓட்டி வருவார்கள். கறப்பதற்கு முன் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்ணீர் இல்லை என்று காட்டுவது வழக்கம். மற்றவர்கள் ஒப்புக்குக் காட்டுவார்கள். இவர் உதறுவார், தட்டுவார், வேட்டியால் துடைப்பார், பிறகு நம்மையும் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்வார். பழக்கம் முற்றிப்போய் டீக்கடையிலும் டம்ளரைக் கவிழ்க்கச் சொல்லிக் கேட்டார். தேர்தலில் முதல் ஆளாகப் போய், ஓட்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினால்தான் ஓட்டு என்று நின்றுவிட்டார். தன் மகள் கல்யாணத்தில் ஒவ்வொரு சாம்பார் வாளியையும் பந்திக்கு முன் கவிழ்த்துக் காட்டியதில் மத்தியானச் சாப்பாடு மாலை டிபனோடு கலந்தது.

என் மகன் கதிருக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு இல்லை. ஆனால் விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் மாட்டின் கழுத்துமணி தெருமுனையில் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போவான். பால் சொம்பில் விழும் சத்தம் முதலில் கணீரென்று கேட்கும். நிறைய நிறைய மெத்தென்று ஆகும். அந்த இடத்தில் அவன் தலை லேசாகச் சாயும். நுரையில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைவதை, ஏதோ தூர தேசத்துக் கடலைப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அங்கே நன்றாக இருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

அவனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, வயிற்றிலும் ஓயாத தொந்தரவு. சென்னை டாக்டர் சில காலம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினோம். கவுத்துக்காட்டிக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா டீச்சரம்மா, நம்ம மேலயே சந்தேகமா?"

"ஐயோ, அதில்லைங்க. புள்ளைக்குப் பால் ஒத்துக்கலியோன்னு டாக்டர் நினைக்கிறாரு."

"எந்த மாட்டுப் பாலு?"

"எல்லா மாட்டுப் பாலும்தான்."

"நம்ம மாட்ட அதுல சேக்காதீங்க," என்றார். நாங்கள் ஒரு சொட்டு வாங்காத அந்த ஒரு வருடமும் தினமும் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தி, கதிர் கேட்பதற்காக எதிர்வீட்டுப் பாலைக் கறந்துவிட்டுப் போனார்.

கதிர் தூங்க ஆரம்பித்தான். ஆனால் எடை ஏறவில்லை. ஏற்கெனவே நாலைந்து பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை. "தூக்கம் வந்தது பாலை நிறுத்தினதாலதானான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. மெல்லத் திருப்பிக் கொடுத்துப் பாருங்க," என்றார் டாக்டர். முதலில் ஒரு ஸ்பூன். மூன்று நாள் பொறுத்து இரண்டு. வேறெதையும் மாற்றக்கூடாது, தூக்கம், வயிறு, கோபம் எல்லாம் எழுதி வைக்க வேண்டும்.

மே மாத லீவில் ஆரம்பித்தேன். கணவருக்கு வெளியூர் வேலை, சனிக்கிழமைதான் வருவார். முதல் ஸ்பூனை நான் ஊட்டியபோது கை நடுங்கிப் பாதி அவன் சட்டையில் விழுந்தது. கவுத்துக்காட்டி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து, மாட்டுக்கு முன்னங்கால் சுளுக்கு என்று சொல்லி, வீட்டிலேயே கறந்து தூக்கில் கொண்டுவந்தார்.

பதினைந்து நாளில் அரை டம்ளர் வரை வந்துவிட்டோம். தூக்கம் கெடவில்லை, வயிறும் கெடவில்லை. நோட்டில் 'நலம்', 'நலம்' என்று எழுதி எழுதி எனக்கே அந்தச் சொல்லின் மேல் ஆசை வந்துவிட்டது. அன்று மீந்த பாலுக்கு உறை ஊற்றினேன். காலையில் பார்த்தால் பாத்திரத்தில் தயிர் இல்லை. கலங்கிய தண்ணீரில் நாலு வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. அத்தனை நாளும் நான் பிள்ளையைப் பார்த்தேனே தவிரப் பாலைப் பார்க்கவில்லை.

கதிரை அழைத்துக்கொண்டு நேராக அவர் மாடு மேய்க்கும் ஏரிக்கரைக்குப் போனேன். கால் சுளுக்கிய மாடு கரைமேல் துள்ளிக்கொண்டு ஏறியது. எங்களைக் கண்டதும் கவுத்துக்காட்டி ஓடிப்போய் தோளிலிருந்த துண்டை அதன் பின்னங்காலில் கட்டினார்.

"முன்னங்கால்னு சொன்னீங்களே?"

"அது... நடந்து நடந்து வலி பின்னால வந்துட்ச்சி டீச்சரம்மா."

"எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?"

துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொத நாளு நீங்க கை நடுங்கிக்கினு ஊத்தனத பாத்தேன். நம்ம பாலால கதிரு நைனாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா? முப்பது வருசமா ஒரு சொட்டு கலந்ததில்ல. மறுநாளுலேர்ந்துதான் ஊத்தனேன். ஒரு பங்கு பாலு, மூணு பங்கு தண்ணி. காய்ச்சின தண்ணிதான், சத்தியமா."

எனக்கு வந்த கோபத்தில் ஏரியே வற்றியிருக்கும். "அந்த நோட்டு முழுக்கப் பொய்யாப் போச்சு! அவன் தாங்குறானா இல்லையான்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்? லீவுல பாதி போயிடுச்சு. நீங்க செஞ்சது எனக்குப் பேஜார்தானே?"

அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கதிர் மட்டும் மாட்டின் மணியை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம். "தண்ணிப் பால் ஒத்துக்கிச்சுன்னு தெரிஞ்சுதே, அதுவரைக்கும் நல்லது. நாளைக்கு நல்ல பாலா, மறுபடி ஒரு ஸ்பூன்லேர்ந்து."

மறுநாள் மாடு வாசலுக்கு வந்தது. கறந்தார், காய்ச்சினேன், ஒரு ஸ்பூன் ஊட்டினேன். அவர் கிளம்பவில்லை. கேட்டருகே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்கு மேல் தெருவே பாத்திரத்தோடு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தது.

"யோவ், எங்க வூட்ல காப்பி இல்லாம அவரு பேப்பர் படிக்க மாட்டேன்றாரு!"

"இன்னிக்கி வெறும் பேப்பர படிக்கச் சொல்லும்மா. புள்ள குட்ச்சிக்கீறான்."

வந்தவர்கள் திட்டினார்கள், காத்திருந்தார்கள், பிறகு என்னவென்று கேட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். பத்து மணிக்குமேல் எல்லோருக்கும் அங்கேயே கறந்து கொடுத்து அனுப்பினார். மறுபடி உட்கார்ந்தார்.

மத்தியானம் கதிர் பாயில் சுருண்டு தூங்கிப்போனான். வெயில் அவன் பாதத்தில் ஊர்ந்து, முழங்காலுக்கு ஏறி, சுவருக்குப் போனது. நான் அவன் வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, இன்னா பண்றான்?"

"தூங்குறான்."

"வவுறு?"

"மெத்துனு இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். சாயங்காலம் வரை இப்படியே போனது. அரை டம்ளர் அவனுக்கு ஒத்துக்கொள்ளும், அதற்குமேல் வயிறு உப்பும் என்று பிறகு பல வாரங்கள் கழித்துத் தெரிந்தது. அன்று எங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதுவரை பயப்படுவதற்கு அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அன்றைக்கு இரண்டு பேர் இருந்தோம்.