பூசணம் சாரின் தொட்டி

ஆம்பூரில் குப்பைமேட்டைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஒரே மனிதர் பூசணம் சார்தான். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் கெமிஸ்ட். அவருடைய சொந்தப் பெயர் முதலாளி சாயபுவுக்கே மறந்துபோயிருந்தது.

போகிற இடமெல்லாம் மண் அள்ளுவார். ஏலகிரிக் காட்டு மண், கல்யாண வீட்டு எச்சில் இலை மக்கிய மண், எல்லாம் மூக்குப்பொடி டப்பாவில் அடைபடும். அதை ஈரத் தவிட்டில் தூவி, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் வளர்ப்பார். பூசணம் கட்டிலில், சார் வராந்தாவில். மெஸ்காரர் ஊசிப்போன இட்லியை அவருக்கென்றே ஒதுக்கி வைப்பார். சாருக்கு அது பிரசாதம்.

சுண்ணாம்பிலிருந்து எடுத்த ஆட்டுத் தோல் விறைத்திருக்கும். அதை மெத்தென்று ஆக்க அந்தக் காலத்தில் புறா எச்சத்தைக் கரைத்து ஊற்றுவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும்; அளவு மீறினால் தோலே கரைந்துபோகும்.

"எச்சம் எதுக்குய்யா? பூசணம் ஒரு சாறு விடுது, என்சைம்னு பேரு. அது போதும். தோலு பட்டாட்டம் வரும்" என்பார் சார்.

கேட்டுக் கேட்டுச் சலித்த சாயபு கடைசியில் ஒரு தொட்டித் தோலைக் கொடுத்தார். "உன்னோட பேஜார் ஜாஸ்தியாப் போச்சு. தோலு கெட்டுச்சுன்னா மூட்டையக் கட்டிக்கினு போய்க்கினே இரு."

சார் தவிட்டுச் சாற்றை ஊற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து தொட்டியில் கையை விட்டால் தோல் இல்லை; கூழ்தான் இருந்தது.

மேஸ்திரி முனுசாமி ஓடி வந்தார். "உங்க வேல போய்டப் போவுதேன்னு நான்தான் சார் ஒரு வாளி எச்சத்தையும் கலந்துட்டேன்."

"நானும் ஒரு வாளி ஊத்தினேன் சார்" என்றார் சுண்ணாம்புக் குழி ஏழுமலை. காவல்காரர் கையிலும் ஒரு காலி வாளி இருந்தது.

அதற்குள் சாயபு வந்துவிட்டார். "இன்னாய்யா இது? யாருனா தொட்டிகிட்ட வந்தாங்களா?"

"ஒருத்தரும் வர்ல முதலாளி" என்றார் சார், பந்தயத்தில் ஜெயித்தவர் போல. "எல்லாம் என் பூசணத்தோட வேலதான். வீரியம் ஜாஸ்தி. சொன்னா நம்புனீங்களா?"

அன்று மாலையே அவருக்குக் கணக்கு முடிந்தது. ஜோலார்பேட்டைக்கு வண்டி ஏற்ற மொத்த ஷாப்பும் ஸ்டேஷனுக்குப் போனது. முனுசாமி தேம்பி அழுதார்.

"எதுக்குய்யா அழுவுற? உனக்குப் புள்ளகுட்டி இருக்குது. எனக்கு இன்னா, எந்த ஊர்ல போட்டாலும் மொளச்சுக்குவேன்" என்றார் சார்.

வண்டி போய் வெகுநேரமாகியும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அந்த மனிதரை எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.