லைட்டாஃப் அண்ணன் கேட்ட இருட்டு

திருப்பூரில் கரண்ட் போனால் துள்ளிக் குதித்த ஒரே ஜீவன் எங்கள் லைட்டாஃப் அண்ணன்தான். மெஷின் நின்றுபோச்சே என்று ஊரே தலையில் கை வைக்கும். அவர் மட்டும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பொடக்காலிக்கு ஓடுவார்.

மண்ணரைப் பகுதி லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவு. பனியனுக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர், தனி ஆள். கரண்ட் இருக்கிற நாளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அக்கா, பத்தே நிமிசம் லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்பார். பெயர் அப்படி வந்ததுதான். எல்லாம் ஓரியன் நெபுலாவைப் பார்க்க. வானத்தில் தானாக ஒளிவிடுகிற வாயு மேகமாம்.

ஒரு மார்கழியில், இருட்டியதும் அம்மாவைப் பிடித்து டெலஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் கறை தேடியே பழகிய கண்.

"ஏனுங்க தம்பி, நடுவுல அழுக்கா ஒரு திட்டு இருக்குதுங்களே?"

"அதுதானுங்க அக்கா நெபுலா!"

"போன்ல செவப்பா காட்டுனீங்க?"

"கேமராவுக்குத்தாங்க அந்தக் கலர். நம்ம கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரியும்."

"சாயம் போடாத துணியக் காட்டவா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்ற அம்மா, அவர் தடுப்பதற்குள் லென்ஸைப் பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டாள். மெஷின் ஆயில் ஊறிய வேஸ்ட். அப்புறம் நிலாகூட நெபுலா மாதிரிதான் தெரிந்தது.

அதைக்கூட மன்னிக்கலாம். பின்பக்கத்துக் கம்பெனியின் போகஸ் லைட்டை நான் மன்னிக்க மாட்டேன். அண்ணன் எத்தனை தரம் போய்க் கேட்டார்!

"எங்க பொடக்காலில நேரா அடிக்குதுங்க சார். பத்து நிமிசம் அணைங்க."

"திருடன் வந்தா நீ பொறுப்பாய்யா?" என்றார் மேனேஜர்.

"டெலஸ்கோப்ல பாத்து நானே காவல் காக்கறனுங்க!"

விரட்டிவிட்டார்கள்.

இந்தப் புரட்டாசியில் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்ததும் வாசல் முழுக்க டியூப்லைட் கட்டினார்கள். பத்து நிமிஷம் அணைக்காத அதே கம்பெனி, மரியாதைக்கென்று இன்னொரு போகஸ் லைட்டைக் கொடுத்தனுப்பியது. அது அவர் முகத்திலேயே அடித்தது. எனக்கு வந்ததே கோபம்! பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். டியூப்லைட்டெல்லாம் சேர்ந்து அணைந்தது.

"ஏம்மா, எழவு ஊட்டுல வெளிச்சம் வேண்டாமுங்களா?" என்று பந்தல்காரர் கத்தினார்.

"தலமாட்டுல வெளக்கு எரியுதில்லீங்க? போதும். உசுரோட கேட்டப்ப ஒருத்தராவது அணைச்சீங்களா?"

அம்மா எழுந்து கம்பெனி கேட்டுக்குப் போனாள். என்ன பேசினாளோ, பின்பக்கத்து வெளிச்சமும் போனது. திரும்பி வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க கண்ணு அந்தத் திட்டு?"

"மார்கழிலதாம்மா இந்நேரத்துக்கு வரும்."

"அதுவரைக்கும் இருக்கறதுக்கு என்னவாம் அவனுக்கு? அவசரக்குடுக்கை!"

அம்மா அன்றோடு திட்டி முடித்துவிட்டாள். எனக்கு இன்னும் முடியவில்லை.