சகலை கையில் இருக்கும் அஞ்சு

அன்பு மச்சான் தசரதனுக்கு, திருமுல்லைவாயிலிலிருந்து கஜபதி எழுதுவது. நானும் உங்கள் தங்கை ராஜகுமாரியும் நல்லபடியாக இருக்கிறோம். வேப்பம்பட்டில் உங்கள் புது வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது என்று கேட்டு மகிழ்ந்தோம். கிரகப்பிரவேசம் சம்பந்தமாக ஒரு கோரிக்கை உண்டு. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவடி ஃபேக்டரியில் ரிடையரானபோது நான் ஆசையாக வாங்கிய தங்கக் கலர் வாட்சை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எண்களெல்லாம் ஜிலேபி பிழிந்த மாதிரி சுழிசுழியாக இருக்கும். அதுதான் அழகு என்று நம்பியிருந்தேன். போன மாதம் இருபத்தாறாம் தேதி குமணன்சாவடியில் உங்கள் சின்னத் தங்கை சுசீலாவின் மகள் ஷர்மிளாவுக்கு நிச்சயதார்த்தம் அல்லவா. ராஜகுமாரி, "நாளைக்குத்தாங்க" என்றாள். நான் வாட்சின் தேதிக் கட்டத்தைக் காட்டி, "இருபத்தாறுன்னு போட்டுகீது, கெளம்பு" என்றேன். பட்டு வேட்டி, பூ, பழத்தட்டு எல்லாவற்றோடும் ஆட்டோவில் போய் இறங்கினால், சகலை ஜெகதீசன் லுங்கியோட வாசல்ல ஒட்டடை அடிச்சுகினு கீறான். "இன்னா அண்ணாத்தே, ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க?" நான் வாட்சை நீட்டுனேன். அவன் தன் கையையும் பக்கத்துல வெச்சான். "உங்க அஞ்சு வாலைச் சுருட்டி வயித்துல ஒட்டிகினு கீது, அதான் ஆறு மாதிரி தெரியுது. என் அஞ்சைப் பாருங்க, வாயைத் தொறந்துகினு கீது. ஒண்ணையும் ஏழையும் கொழப்பிக்கவே முடியாது. நான் வாட்சு வாங்குனா பட்டையைப் பாக்க மாட்டேன் அண்ணாத்தே, எழுத்தைத்தான் பாப்பேன்."

நானும் பார்த்தேன் மச்சான். வெள்ளைத் தகட்டுல, தடியும் இல்லாம ஒல்லியும் இல்லாம, கஞ்சி போட்ட சட்டையாட்டம் வெறப்பா நிக்குது அந்த அஞ்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. மறுநாள் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடி, பக்கத்துல நிக்கிற என்னை வுட்டுட்டு, மண்டபத்தோட அந்தக் கோடிக்குப் போயி அவன்கிட்ட "தம்பி, மணி இன்னா?"ன்னு கேக்குறா ராஜகுமாரி. அம்பத்தூர்ல கடை கடையா ஏறி எறங்குனேன். ஒரு கடைக்காரன், "சார், எல்லாரும் கலரு கேப்பாங்க, சைஸ் கேப்பாங்க. அஞ்சு எப்டி கீதுன்னு கேட்டு வந்த ஆளு நீங்கதான்" அப்டின்றான். இப்ப பஸ் நம்பரப் பாத்தாலும், சிலிண்டர் நம்பரப் பாத்தாலும் அவனோட அஞ்சுதான் கண்ணுல வருது.

ஆகவே என் கோரிக்கை: கிரகப்பிரவேசத்துக்கு ஜெகதீசனை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு பட்டனையும் மாட்டிக்கொண்டு வரச் சொல்லவும். இல்லையென்றால் நான் வருவதற்கில்லை.

உங்கள் புது அடுப்பில் பால் பொங்கி வழியட்டும், வீடு நிறையட்டும்.

இப்படிக்கு,
கஜபதி

பி.கு: கவர் ஒட்டுற நேரத்துல ஜெகதீசனே ஊட்டுக்கு வந்துட்டான். "அன்னிக்கு நீங்க பாத்த பார்வை மனசுலயே நிக்குது அண்ணாத்தே"ன்னு அந்த வாட்சைக் கழட்டி என் கையில கட்டிவுட்டான். தங்கமான மனுசன். மேல எழுதுனதை எல்லாம் அடிச்சுடுங்க, நான் மொத ஆளா வரேன். அவன் தனக்கு வேற ஒண்ணு வாங்கிகினு கீறான். அதுல ஒரு ஏழு கீது மச்சான். அவன் காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அதையேதான் பாத்துகினு இருந்தேன்.